நாலாம் தரம்

பகல் முழுக்க டிப்போவில் எனக்கு வேலை
ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பது.
குலசேகரத்தில் எடவப்பாதி பிடித்தால்
வெளிச்சமே கைமாற்று வாங்கினதுபோல் இருக்கும்.
ஆனாலும் தெரியும் எனக்கு
கொப்புளம் எது, கருகல் எது,
ஓரத்தில் சாம்பலாய்ப் படர்வது எது.
கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு.
"பூத்திருக்கு அண்ணே. நாலாம் தரம்."
ஆற்றூரிலிருந்து ஸ்கூட்டரில் சுமந்து வந்தவர்
மழையைத் திட்டுவார், என்னைத் திட்டுவார்,
பிறகு கையெழுத்துப் போடுவார்.

இப்படியொரு கண்ணை வைத்துக்கொண்டு
பதினொரு மாதம்
அந்தச் சுவரைப் பார்க்கவில்லை நான்.

பீரோ மறைத்திருந்தது என்று சொல்லலாம்.
குடிவந்த அன்று ஈரம் காயாமல் மணத்த
பென்சிகர் சாரின் இளம்பச்சை டிஸ்டெம்பர்
மறைத்திருந்தது என்றும்.
ராத்திரி இரண்டு மணிக்கு
ஜெபின் நெஞ்சில் பூனை கத்தும்.
விடிந்தால் எனக்குப் பதினேழு தும்மல்,
எண்ணியிருக்கிறேன்.
ஆசிட் வாடையைச் சந்தேகப்பட்டோம்,
புகைப்புரையை, இலவம்பஞ்சுத் தலையணையை,
பக்கத்து வீட்டுக் கோழியைக்கூட.

அப்போதுதான் புஷ்பலீலா வந்தாள்.
கோயிலில் எனக்கு முன்வரிசை.
அவள் நீட்டிய டப்பாவில் ஒரு பச்சை இலை,
இலைக்கு நடுவில் ஒரு கல்லீரல் சிரித்தது.
"ஒடம்புல கெடக்க நஞ்சையெல்லாம்
இருபத்தியொரு நாள்ல கழுவி எடுத்திரும் பிள்ளே.
ஆயிரத்தி எண்ணூறு. உனக்குன்னா அறுநூறு...
ஆயிரத்தி அறுநூறு."

வாங்கினேன், ஏன் பொய் சொல்ல.
ஒன்பது நாள், வெறும் வயிற்றில்.
வயிறு கழன்றது. தும்மல் கழலவில்லை.
பத்தாம் ராத்திரி பையனின் உதடு நீலமாச்சு.
ஆட்டோவின் பக்கத்துப் படுதா அடித்துக்கொள்ள
ஆஸ்பத்திரி மட்டும் அவன் மூச்சை
நானும் சேர்ந்து இழுத்தேன்.

முகமூடிக்குள் ஆவி போனது. உதடு தெளிந்தது.
டாக்டரம்மா குழாயைக் காதிலிருந்து எடுத்து
"வீட்டுல எந்தச் சுவர் ஈரம்?" என்றார்.
நான் டப்பாவைப் பற்றிக் கேட்டேன்.
"கல்லீரல் அது வேலைய சொல்லாமலே செய்யும்.
கிட்னியும். இவன் இருமுறதும் ஒரு வேலைதான்.
உள்ள போறத நிறுத்தும்மா முதல்ல."

மறுநாள் பீரோவை நகர்த்தினோம்,
நானும் புஷ்பலீலாவும்.
இரண்டாவது டப்பாவோடு வந்தவளை
மறுமுனை பிடிக்கச் சொல்லிவிட்டேன்.

பின்னால் ஒரு ஜில்லாவே இருந்தது.
நடுவில் கறுப்பு, கரையில் பச்சை,
அதற்கும் வெளியே உப்பளம்போல் வெள்ளை.
குளியலறைக் குழாய் ஓடும் வழியை
கால்வாய்போல் வரைந்து வைத்திருந்தது.
உள்ளே, கல்யாணப் பட்டில் வட்டம் வட்டமாய்.
என் பி.காம் சான்றிதழில்
முத்திரையைச் சுற்றி இன்னொரு முத்திரை.
கட்டைவிரல் தானாய் நீண்டது.
"தொடாத!" என்று இழுத்துவிட்டு
தலைப்பால் மூக்கைப் பொத்தி முற்றத்துக்கு ஓடியவள்
ஆறு முறை தும்மினாள்.
டப்பாவை எடுக்காமலே போனாள்,
மறந்தா என்று தெரியவில்லை.

பென்சிகர் சார் வந்து பார்த்தார்.
"போன வருசம்தானே பெயின்ட் அடிச்சேன்."
"பெயின்ட் அடிச்சா ஷீட்டு தரம் ஏறாது சார்,"
டிப்போக் குரல் வந்துவிட்டது எனக்கு,
"காரையைக் கொத்தி குழாயை மாத்தணும்.
அதுவரைக்கும் வாடகையும் நாலாம் தரம்தான்."
மழையைத் திட்டினார்.
என்னைத் திட்ட வாயெடுத்து
பாயில் தூங்கும் பையனைப் பார்த்து நிறுத்தினார்.
பிளம்பர் சனிக்கிழமை வருவதாகப் பேச்சு;
இரண்டு சனிக்கிழமை போயிற்று.

ஜன்னல் திறந்து முன்னறையில் படுக்கிறோம்.
கொசு உண்டு. பூனை இரண்டு ராத்திரியாய் வரவில்லை.
காலையில் ஒன்பது தும்மல், நேற்று பதினொன்று.

சான்றிதழைத் துடைத்து
புகைப்புரையில், ஷீட்டுகளுக்கு நடுவே
இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.
முதலாளி ஒன்றும் கேட்கவில்லை.
ஓரம் சுருண்டு தேன்நிறமாகிவிட்டது.
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன்,
என் பெயரில் ஒரு எழுத்து போயிருந்தது.